2020-ல வாங்கின போன்: பேட்டரி மாத்தி ஓட்டறதா, புதுசு எடுக்கறதா?

சோமனூர்த் தறி
எல்லாருக்கும் வணக்கமுங்க. லாக்டவுன் சமயத்துல பையன் ஆன்லைன் கிளாஸுக்குன்னு எடுத்த போன். அவன் காலேஜ் போனதும் எங்கிட்ட வந்துருச்சு. கம்பெனி பேரைச் சொன்னா இங்க ரெண்டு கட்சி ஆகி அடிச்சுக்குவீங்க, அதனால சொல்லலை. 6 ஜிபி ராம், 64 ஜிபி மெமரி, 6000 எம்ஏஎச் பேட்டரி. ஆண்ட்ராய்டு 10-ல வந்துது, 12 வரைக்கும் அப்டேட் குடுத்தாங்க, அதோட சரி. 4ஜி தான்.

மின்னெல்லாம் ரெண்டு நாள் நின்ன சார்ஜு, இப்ப மத்தியானச் சோத்துக்குள்ள 20-க்கு வந்துருது. சார்ஜ் போட்டாலும் வயரை ஒரு பக்கமா சாய்ச்சு, மேல ஒரு நூல் கோனை வெச்சு அமுத்தினாத்தான் ஏறுது. சந்தையில ஜிபே திறக்கறதுக்குள்ள கடைக்காரர் அடுத்த ஆளுக்குத் தக்காளி எடை போட்டுர்றாரு.

நமக்கு என்ன வேலைன்னா, பாவு (தறியில ஏத்தற நூல்) வந்தா போட்டோ, துணி போனா போட்டோ, வாட்ஸ்அப், பேங்க் ஆப் ரெண்டு, ராத்திரி யூடியூப். கேம் எல்லாம் கெடையாது. பையன் "5ஜி எடுங்கப்பா, இது செத்துப்போச்சு"ங்கறான். 20,000 வரைக்கும் போகலாம். ஆனா கூலி இருக்கற நெலமை உங்களுக்குத் தெரியும். போக வேண்டியது தானான்னு கேக்கறேன்.

காங்கேயம் காளை
புதுசு எடுங்கண்ணா. பழசுக்குச் செலவு பண்றது வெட்டி. இன்னைக்குப் பேட்டரி, நாளைக்கு டிஸ்ப்ளே, அடுத்த வாரம் போர்டுன்னு இழுத்துட்டே போகும். 15,000-க்கே நல்ல 5ஜி போன் வருது.

பல்லடம் பங்காளி
இருங்க காளை, சித்த பொறுங்க. அண்ணா, போன் தறிக்குடோன்லயே தானே கெடக்குது? வயரைச் சாய்ச்சாத்தான் ஏறுதுன்னா மொதல்ல சார்ஜிங் பின் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. குடோன்ல பறக்கற பஞ்சு சட்டை ஜோப்புல கொஞ்சம், ஓட்டைக்குள்ள கொஞ்சம் போய் உக்காரும். ஒவ்வொரு தடவை வயர் சொருகறப்பவும் அதை உள்ள தள்ளி அமுத்தறோம். நாள்பட அது கெட்டிப்பட்டு அடியில ஒரு தட்டு மாதிரி நின்னுக்கும். வயர் முழுசா உள்ள போகாது. பாக்கறவங்களுக்கு பின் போச்சு, பேட்டரி போச்சுன்னு தோணும்.

போனை ஆஃப் பண்ணிட்டு, பல்குத்தற மரக்குச்சியை நல்லாச் சீவி, ஓரத்துல விட்டு மெதுவா நெம்புங்க. நடுவுல ஒரு நாக்கு இருக்கும், அதுல படக்கூடாது. ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். வாயால ஊதாதீங்க, எச்சி ஈரம் உள்ள போயிரும். எங்க பக்கத்துல பாதிப் பேரு போனுக்கு இது தான் வியாதி.

ஈரோடு சர்வீஸ் டேபிள்
பங்காளி சொன்னது நூத்துக்கு நூறு சரி. பன்னீர்செல்வம் பார்க் பக்கம் சர்வீஸ் டேபிள்ல உக்காந்திருக்கறவன் நான். தறிக்காரங்க, பனியன் கம்பெனிக்காரங்க போன் வந்தா மொதல்ல அந்த ஓட்டையைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுப்பேன்.

அதுக்கு மேலயும் சார்ஜ் நிக்கலைன்னா பேட்டரி. லித்தியம் பேட்டரி ஒண்ணும் காலத்துக்கும் உழைக்கறது இல்லைங்க. பொதுவா 500 முழுச் சார்ஜ் ஆனா பழைய கொள்ளளவுல 80 சதம் தான் நிக்கும்னு கணக்கு, நல்ல சரக்குன்னா 800 வரைக்கும் தாங்கும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா முழு சார்ஜ்னாலே அஞ்சு வருசத்துல 900 தாண்டிருது. கூட வெயில் வேற. ஆப்பிள்காரங்களே 35 டிகிரிக்கு மேல பொழங்க வேண்டாம்னு எழுதி வெச்சிருக்காங்க. சிமெண்ட் சீட்டு போட்ட குடோன்ல சித்திரை மாசம் எத்தனை டிகிரின்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி மாத்த நம்ம பக்கம் ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுரும், மாடலைப் பொறுத்து. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல உங்க மாடலுக்கு இன்னும் ஸ்பேர் இருந்தா அங்கயே மாத்திக்கங்க, அது தான் நல்லது. வெளியில மாத்தறதா இருந்தா பேட்டரியைக் கையில வாங்கி ஸ்டிக்கர்ல தயாரிச்ச தேதியைப் பாருங்க. நாலு வருசமா ரேக்ல தூங்கின பேட்டரி, அது ஒரிஜினலாவே இருந்தாலும், உசுரு கொறைஞ்சிருக்கும். காப்பி சரக்குல மேல 6000-ன்னு அச்சடிச்சிருப்பாங்க, உள்ள அத்தனை இருக்காது. கையில தூக்கினாலே வெயிட்டு கொறைச்சலாத் தெரியும்.

இன்னொண்ணு, இது முக்கியம். பின்னாடி மூடி லேசா தூக்கிட்டு இருக்கா, டேபிள் மேல வெச்சா போன் ஆடுதான்னு பாருங்க. ஆடுச்சுன்னா பேட்டரி உப்பிருச்சுன்னு அர்த்தம். அப்படி இருந்தா சார்ஜே போடாதீங்க, அமுத்திப் பாக்காதீங்க, நேரா கடைக்குக் கொண்டு போங்க.

டிஸ்ப்ளே போயிருந்தா நானே வேண்டாம்னு சொல்லிருப்பேன். அமோலெட் (ஒசத்தி ரக டிஸ்ப்ளே) காம்போ, கண்ணாடியோட சேந்தது, ஒரிஜினல் போட்டா போனோட இன்னைய மதிப்பைத் தாண்டிரும். மலிவா எல்சிடி காப்பி போட்டா வெளிச்சம் பத்தாது, பேட்டரியும் எச்சாக் குடிக்கும், கண்ணாடிக்கு அடியில கைரேகை இருக்கற மாடலா இருந்தா அதுவும் வேலை செய்யாது. காளை சொல்ற பயம் டிஸ்ப்ளேக்குப் பொருந்தும், பேட்டரிக்குப் பொருந்தாது.

சோமனூர்த் தறி
போன் ஆடலைங்க, மூடியும் சரியா இருக்குது. ஸ்லோவா இருக்கறதுக்கு என்னங்க பண்றது? அதுவும் பேட்டரியால தானா?

ஈரோடு சர்வீஸ் டேபிள்
மெமரில எவ்வளவு காலி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க.

சோமனூர்த் தறி
64-ல 62 புல்லு.

ஈரோடு சர்வீஸ் டேபிள்
அப்பறம் எப்படிங்க ஓடும்! அந்த சிப்பு புதுசா ஒண்ணு எழுதணும்னா காலி எடம் வேணும். இல்லைன்னா இருக்கறதை அங்கயும் இங்கயும் நகத்தி எடம் பண்ணிட்டுத்தான் எழுதும், அந்த நேரத்துல போன் நின்னுக்கும். ஜிபே திறக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் இது தான்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டான்னு இருக்கும், அதுக்குள்ள மேனேஜ் ஸ்டோரேஜ். எந்த குரூப்பு எத்தனை ஜிபி தின்னுருக்குதுன்னு வரிசையாக் காட்டும். பாவு போட்டோவை மெமரி கார்டுக்கு மாத்திட்டு, காலை வணக்க வீடியோ, ஒறம்பரைக் கல்யாண வீடியோ எல்லாத்தையும் கண்ணை மூடிட்டுத் தட்டுங்க. பத்து ஜிபியாவது காலியா வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

காங்கேயம் காளை
சரி, பேட்டரியும் மெமரியும் ஆச்சு. 5ஜி எங்கிருந்து வரும்? 4ஜியை இன்னும் எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்க?

கீரணத்தம் நைட் ஷிப்ட்
4ஜியை யாரும் இப்ப மூடப்போறதில்லைங்க காளை. 5ஜி நாட்டுல வந்தது 2022 அக்டோபர் 1. அதுக்கப்பறம் பிஎஸ்என்எல்காரங்க சொந்தத் தொழில்நுட்பத்துல 4ஜியையே 2025 செப்டம்பர்ல தான் நாடு முழுக்கத் திறந்து வெச்சாங்க. அன்லிமிடெட் 5ஜின்னு சொல்றதும் 2024 ஜூலைக்கு அப்பறம் ஜியோ, ஏர்டெல் ரெண்டுலயும் தினம் 2 ஜிபி பிளானும் அதுக்கு மேலயும் போடறவங்களுக்குத் தான். அண்ணன் 1.5 ஜிபி பிளான்ல இருந்தா போனையும் மாத்தணும், பிளானையும் ஏத்தணும். பாவு போட்டோ அனுப்ப 4ஜி தாராளம்.

நான் கவலைப்படறது வேற விசயத்துக்கு. அப்டேட் நின்னுருச்சுன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க, ஆனா மொத்தக் கேள்வியே அங்க தான் இருக்குது. செட்டிங்ஸ்ல அபவுட் போன் போய், செக்யூரிட்டி பேட்ச்னு ஒரு தேதி போட்டிருக்கும், பாருங்க. அந்தத் தேதிக்கு அப்பறம் கண்டுபிடிச்ச பாதுகாப்பு ஓட்டை எதையும் உங்க போன்ல கம்பெனி அடைக்கலைன்னு அர்த்தம்.

அதுக்காக போன் நாளைக்கே நிக்காது. வாட்ஸ்அப் இதைவிடப் பழைய ஆண்ட்ராய்டுலயே ஓடுது. குரோம் 2025-ல ஆண்ட்ராய்டு 8, 9-ஐக் கைவிட்டாச்சு, 10-ல இருந்து மேல ஓடும். நீங்க 12-ல இருக்கறதால ஆப் பக்கம் இன்னும் சில வருசம் பிரச்சனை இல்லை. ஆண்ட்ராய்டு 10-ல இருந்து சிஸ்டத்தோட சில பாகங்களை கூகுளே பிளே ஸ்டோர் வழியா சரி பண்ணிட்டும் இருக்கு. ஆனா கெர்னல், மோடம், சிப்பு டிரைவர்னு அடியில ஓடற மென்பொருள் எல்லாம் போன் கம்பெனி குடுத்தாத்தான் உண்டு. அங்க இருக்கற ஓட்டை அப்படியே தான் இருக்கும்.

அதனால என் யோசனை இது. பேட்டரி மாத்தி ஓட்டுங்க, ஆனா தறி வரவு செலவு நடக்கற கரண்ட் அக்கவுண்ட் ஆப்பை அந்த போன்ல வெக்காதீங்க. ஜிபேல ஒரு சின்ன சேவிங்ஸ் அக்கவுண்ட்டை மட்டும் கோத்து, தக்காளிக்கும் டீசலுக்கும் ஆகற அளவு காசு மட்டும் அதுல விட்டு வையுங்க. யாராவது வந்து கஸ்டம் ரோம் (வெளியாளுங்க மாத்தி எழுதின ஆண்ட்ராய்டு) போட்டா ஆண்ட்ராய்டு 15 வரும்பாங்க. வரும். நாங்க ஆபீஸ்ல பொழுது போகாதவங்க அப்படிப் பண்ணுவோம். ஆனா அதுக்காக பூட்லோடர்ங்கற கம்பெனிப் பூட்டைத் திறந்த போன்ல பேங்க் ஆப் நிறைய ஓடாது, உங்களுக்கு அது வேண்டாத வேலை.

திருப்பூர் செக்கிங் அக்கா
கீரணத்தம் தம்பி, நீங்க சொல்றது சரி. ஆனா எங்க கம்பெனில காசு போனவங்க யாரும் பழைய போன்காரங்க இல்லை. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துது, பேருக்குப் பின்னாடி ஏபிகேன்னு (ஆப் ஏத்தற ஃபைல்) இருந்துது. லைன்ல வேலை பாக்கற ஒரு பொண்ணு அதைத் தொட்டு, கேட்டதுக்கெல்லாம் அலோ குடுத்துச்சு. அந்த போன் வாங்கி மூணு மாசம் கூட ஆகலை, பேட்ச் எல்லாம் புதுசு தான். உள்ள போனது எஸ்எம்எஸ் படிக்கற ஆப்பு, ஓடிபி எல்லாம் அவனுக்குப் போச்சு. நல்ல வேளை, உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிட்டு, பேங்க்கையும் நிறுத்தச் சொன்னதால பாதி மிஞ்சுச்சு.

டிராபிக் பைன் செலான்னும் இதே மாதிரி வருது. அப்டேட் பாத்து போன் மாத்தினாலும் இதை நிறுத்த முடியாது. 20,000 செலவு பண்ணி நிம்மதி வந்துருச்சுன்னு நெனைச்சுக்கறது தான் எனக்குப் பயமா இருக்குது.

கீரணத்தம் நைட் ஷிப்ட்
ஒத்துக்கறேன் அக்கா. நம்ம பக்கம் திருட்டு பெரும்பாலும் இந்த வழியாத்தான். ஆனா பின்வாசல் திறந்து கெடந்தா அதையும் சொல்லணுமில்லைங்களா.

கோபி வயக்காடு
தம்பிகளா, குறுக்க வர்றேன்னு நெனைக்காதீங்க. மோட்டார் நல்லா ஓடறப்ப ஃபுட்வால்வு போச்சுன்னு கெணத்தை யாராவது மூடுவாங்களா? மாத்திட்டு ஓட்டப்பா.

எனக்கு வேற ஒரு சந்தேகம். கரும்புக்காட்டு மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் போட்டிருக்கேன், சிம் போட்டது, போன் பண்ணினா ஓடும், இன்னொருக்கா பண்ணினா நிக்கும். நான் 5ஜி போன் வாங்கினா அது வேலை செய்யுமா? எம் பையன் செய்யாதுங்கறான். அதுக்குப் பயந்துட்டே பட்டன் போனை விடாம வெச்சிருக்கேன்.

கீரணத்தம் நைட் ஷிப்ட்
நீங்க எந்த போன்ல இருந்து கூப்பிட்டாலும் வேலை செய்யுமுங்க ஐயா. ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கற சிம் தான் கணக்கு. பழைய ஸ்டார்ட்டர் எல்லாம் 2ஜி, அதுக்குள்ள ஜியோ சிம் போட்டா ஓடாது, ஜியோவுக்கு 2ஜியே கெடையாது. ஏர்டெல், பிஎஸ்என்எல் மாதிரி 2ஜி இருக்கற சிம்மா இருக்கட்டும். ஸ்டார்ட்டர்ல உங்க நம்பர் பதிஞ்சிருக்கும், அதனால புது போனுக்கும் அதே சிம்மையே போட்டுக்கங்க. அவ்வளவு தான்.

கோபி வயக்காடு
பையன் இனி வாயைத் திறக்கட்டும், பாத்துக்கறேன்.

காங்கேயம் காளை
எல்லாரும் சேந்து அண்ணனைப் பழசுலயே கட்டிப் போடறீங்க. ஒண்ணு யோசிச்சீங்களா? மெமரி சிப் எல்லாம் ஏஐ சர்வருக்குப் போகுதுன்னு 2025 கடைசில இருந்து சிப் விலை ஏறிட்டே இருக்குது. போன் விலையும் ஏறுது. இன்னைக்கு 15,000-க்குக் கெடைக்கற போன் அடுத்த வருசம் அதே விலைக்குக் கெடைக்கும்னு யாரு எழுதிக் குடுப்பீங்க? கூட 18 சதம் ஜிஎஸ்டி வேற. பேட்டரிக்கு ரெண்டாயிரம் போட்டுட்டு எட்டு மாசத்துல டிஸ்ப்ளே போச்சுன்னா அந்த ரெண்டாயிரமும் தண்டம்.

அண்ணா, ஜிஎஸ்டி நம்பர் இருந்தா தொழில் பேர்ல பில் போட்டு கட்டின வரியை இன்புட்டா கழிச்சுக்கலாம், அந்த 18 சதம் மிச்சம்.

சோமனூர்த் தறி
ஜாப் ஒர்க் தானுங்க. வர்ற கூலிக்கு நம்பர் எல்லாம் எடுக்கற நெலமை இல்லை.

கீரணத்தம் நைட் ஷிப்ட்
காளை சொல்றதுல நாயம் இருக்குது. விலை எறங்கும்னு காத்திருக்கறது இப்ப எடுபடாது. ஆனா எடுக்கறதா இருந்தா ராம் எத்தனை, கேமரா எத்தனை மெகாபிக்சல்னு பாக்காதீங்க. எத்தனை வருசம் செக்யூரிட்டி அப்டேட்னு பாருங்க. கூகுள் 2023-ல பிக்சல் 8-க்கு ஏழு வருசம்னு சொல்லுச்சு. சாம்சங் 2024 ஜனவரில எஸ்24-க்கு ஏழு வருசம்னு சொல்லுச்சு. அதெல்லாம் பெரிய விலை. ஆனா அதே வருசம் வந்த ஏ16 5ஜி மாதிரி நடுத்தர போனுக்கே ஆறு வருசம்னு சொல்லிருக்காங்க. அதே காசுக்கு ரெண்டு வருசம், மூணு வருசத்தோட கைகழுவற போனும் கடையில பக்கத்துலயே இருக்கும், பெரிய பேட்டரி, பளபளன்னு. கடைப் பையன் அதைத்தான் காட்டுவான்.

இதுல ஒரு சூட்சுமம். அந்த வருசக் கணக்கு போன் வெளிவந்த தேதில இருந்து, நீங்க வாங்கின தேதில இருந்து இல்லை. ரெண்டு வருசப் பழைய மாடலை ஆஃபர்ல மூவாயிரம் கொறைச்சு எடுத்தா, அப்டேட்ல ரெண்டு வருசமும் கொறைஞ்சு போச்சு.

ஐரோப்பாவுல 2025 ஜூன் 20-ல இருந்து சட்டமே போட்டுட்டாங்க. 800 சார்ஜுக்கு அப்பறமும் 80 சதம் நிக்கணும், அந்த மாடல் விக்கறதை நிறுத்தினதுல இருந்து அஞ்சு வருசம் அப்டேட், ஏழு வருசம் ஸ்பேர். இங்க அந்தச் சட்டம் இல்லை, ஆனா அங்கயும் இங்கயும் ஒரே மாடல் விக்கறவங்ககிட்ட வாங்கினா நமக்கும் கொஞ்சம் சாரல் அடிக்கும்னு நம்பறேன்.

நாமக்கல் லோடு
இழையை முழுசாப் படிச்சேன். புதுசு இல்லாம செகண்ட்ஸ்ல ஒண்ணு எடுத்தா என்னங்க? லாரிக்காரன் கையில போன் எப்படியும் ஒரு வருசம் தான். கோயமுத்தூர் காந்திபுரத்துல பாதி விலைக்குத் தர்றாங்க.

ஈரோடு சர்வீஸ் டேபிள்
எடுக்கலாம். எடுக்கறதுக்கு மின்ன *#06# அடிச்சு ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர்) எழுதிக்கங்க. மெசேஜ்ல கேஒய்எம்னு இங்கிலீஷ்ல போட்டு ஒரு எடம் விட்டு அந்த நம்பரை அடிச்சு 14422-க்கு அனுப்பினா, போன் பிளாக் ஆனதா இல்லையான்னு பதில் வரும். திருட்டு போன்னா அங்கயே தெரிஞ்சுரும். விக்கறவர் அவரோட கூகுள் அக்கவுண்ட்டை உங்க கண்ணு முன்னாடி எடுக்கணும். எடுக்காம வெறுமனே ரீசெட் பண்ணிக் குடுத்தா வீட்டுக்கு வந்ததும் பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்டு கேக்கும், போன் வெறும் கண்ணாடி தான். பில்லு, பெட்டி இல்லாம எவன் குடுத்தாலும் வாங்காதீங்க, விலை எத்தனை கம்மியா இருந்தாலும்.

சோமனூர்த் தறி
எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்லீர்றேன்.

பங்காளி சொன்ன மாதிரி குச்சி விட்டு நெம்பினேன். சாம்பல் கலர்ல பஞ்சு, ஓட்டை எந்த வடிவமோ அதே வடிவத்துல, முழுசா ஒரே துண்டா வந்துது. நம்ம தறிப் பஞ்சே தான். இப்ப வயர் டக்குனு உக்காருது, கோன் வெக்க வேண்டியதில்லை. பேட்டரி அதுக்கப்பறமும் சாயங்காலம் வரைக்கும் தான் நின்னுது, அதனால சர்வீஸ் சென்டர்லயே மாத்தியாச்சு, ஸ்பேர் இருந்துது. இப்ப ரவைக்குப் படுக்கறப்பக் கூட 40 நிக்குது.

மெமரில குடும்ப குரூப்பு ஒண்ணே 11 ஜிபி. தட்டியாச்சு. ஜிபே உடனே திறக்குது.

கரண்ட் அக்கவுண்ட் ஆப்பை வீட்டுக்காரம்மா போனுக்கு மாத்தினேன், அது போன வருசம் எடுத்தது, அப்டேட் வருது. அதுல தான் ஒரு சங்கடம். நூல்காரருக்குப் பணம் போடணும்னா சமையக்கட்டுக்குப் போய் நிக்க வேண்டியிருக்குது, எத்தனை, எதுக்கு, போன மாசம் போட்டது என்னாச்சுன்னு கணக்குக் கேக்கறாங்க. கீரணத்தம் தம்பி இதை முன்னாடியே சொல்லிருக்கலாம்.

திருப்பூர் செக்கிங் அக்கா
அது தாங்கண்ணா நெசமான செக்யூரிட்டி பேட்ச்.

காங்கேயம் காளை
டிஸ்ப்ளே போனா இங்க வந்து சொல்லோணும், ஆமா.

சோமனூர்த் தறி
கண்டிப்பாச் சொல்றேன் காளை. டிஸ்ப்ளே போனா அன்னைக்கே புதுசு, ஏழு வருசமோ ஆறு வருசமோ தம்பி சொன்ன கணக்குல. அது வரைக்கும் ஓட்டறேன். சர்வீஸ் தம்பி, ஒரே ஒரு கேள்வி. கழட்டின பழைய பேட்டரியைக் கையில குடுத்துட்டாங்க, குப்பை வண்டியில போட்டரலாமா?

ஈரோடு சர்வீஸ் டேபிள்
போடவே போடாதீங்க. வண்டியில நசுங்கினா தீப் புடிக்கும். ரெண்டு முனையிலயும் செல்லோடேப் ஒட்டி, சாவி, காசு எதோடயும் சேக்காம தனியா வெச்சிருந்து அதே சர்வீஸ் சென்டர்ல திருப்பிக் குடுத்துருங்க. பழைய பேட்டரியைச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பறது 2022-ல வந்த விதிப்படி கம்பெனி பொறுப்பு. கவுண்டர்ல வாங்க மாட்டேன்னா மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க.